கரும்பலகையும் கட்டளை வண்டியும்

பொலிஸ் வாகனம் என்றவுடன் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவது ஜீப் வண்டியொன்றுதான். அது ஒரு வீட்டு வாசலில் வந்து நின்றால் அவ்வீட்டாருக்கு நெஞ்சு படபடக்கும். அயலவர்க்கோ தத்தம் படலையருகே திடீரென்று ஏதாவதோர் அலுவல் முளைத்துவிடும். அத்தகைய ஊரிலே பிறந்து வளர்ந்த நான், 2019ஆம் ஆண்டு ஆவணி மாதக் கடைசியில், கனடாவின் ரொறன்ரோ நகரத்திலே, பொலிஸ் வாகனமொன்றினுள் என் சொந்த விருப்பத்தின் பேரில் படியேறிச் சென்றேன் என்றால் ஊரவர்கள் நகைப்பார்கள்.

தமக்கையின் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்த காலம் அது. ஸ்காபரோப் பகுதியிலே தெருவிழா ஒன்று நடந்தது. வடையும் கொத்துரொட்டியும் மணத்த அத்தெருவின் முனையிலே, நீண்ட பஸ் வண்டியைப் போன்ற வாகனமொன்று நின்றது. ஜன்னல்கள் மிகக் குறைவு. கூரைமேல் வட்டத் தட்டு ஒன்று வானத்தைப் பார்த்திருந்தது. பக்கவாட்டுச் சுவரின் ஒரு பகுதி, மேசை இழுப்பறையைப் போல் வெளியே தள்ளி நின்றது. சிறுவர்கள் வரிசையாக நின்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மருமகனின் மகளுக்கு அதனுள்ளே போய்ப் பார்க்க ஆசை. எனக்கு அவளைத் தனியே விட மனமில்லை.

“வாங்கோ அங்கிள், தலை கவனம்” என்றார் வாசலில் நின்ற இளம் பொலிஸ் உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு அந்நாட்டிலே பிறந்த பிள்ளை. அவருடைய தமிழ் சிறிது தயங்கித் தயங்கி வந்தது, ஆயினும் வந்தது.

அது அபாய காலங்களிலே பயன்படும் நடமாடும் கட்டளை நிலையம். பெருந்தீ, வெள்ளம், நச்சுப் புகை, காணாமற்போன குழந்தை, துப்பாக்கியோடு வீட்டினுள் பதுங்கிய மனிதன் என்று எது நேர்ந்தாலும், அவ்விடத்துக்கு அணித்தாகக் கொண்டுபோய் நிறுத்தி, அங்கிருந்தே எல்லா அலுவல்களையும் நடத்துவதற்காக அமைத்தது. முன்பாதியிலே சுவரோரமாக வரிசையாய் ஆசனங்கள். ஒவ்வொன்றின் முன்னும் திரைகள், காதுக் கருவி, றேடியோ. ஓர் ஆசனத்திலே பொலிசாரின் அலைவரிசை. மற்றொன்றிலே தீயணைப்புப் படையினருடையது. வேறொன்றிலே அம்புலன்ஸ் வண்டிகளுடையது. இவை ஒன்றோடொன்று பேசமாட்டா. பேச வைப்பதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. இருவேறு றேடியோக்களை அதன் மூலம் இணைத்துவிட்டால், தீயணைப்பு வீரன் சொல்வதைப் பொலிஸ்காரன் தன் கருவியிலேயே கேட்கலாம்.

பின்பாதி ஒரு சிறு அறை. நடுவிலே மேசை, சுற்றிலும் நாற்காலிகள். இரு பாதிகளுக்கும் இடையே கதவு.

“முன்னுக்கு இருக்கிறவை கேக்கிறவை. பின்னுக்கு இருக்கிறவை முடிவெடுக்கிறவை. கதவு பூட்டித்தான் இருக்கும். இல்லாட்டி இரண்டு வேலையும் நடக்காது” என்றார் தம்பி.

கூரையிலிருந்து உயரும் கம்பத்தைப் பற்றியும் சொன்னார். அதன் உச்சியிலே கமரா உண்டு. கம்பத்தை எழுப்புமுன் ஒருவர் கீழே இறங்கி, தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தே ஆகவேண்டும். பாராது எழுப்பி உலோகக் கம்பம் கம்பியிலே பட்டுவிட்டால், உதவிக்கு வந்த வண்டியே முதற் பலியாகும். நச்சுப் புகை பரவும் இடமாயின் காற்று வரும் திசையிலே நிறுத்தவேண்டும். காற்றுப் போகும் திசையில் நிறுத்தினால் புகை நேரே வண்டிக்குள்தான் வரும். மிக அருகே நிறுத்தினால் தாமே அகப்பட்டுக்கொள்வர். மிகத் தொலைவில் நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. இத்தனை யந்திரங்களையும் வாங்கிய பின்னர், எங்கே நிறுத்துவது என்பதை ஒரு மனிதன்தான் யோசித்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஒருவகைத் திருப்தியைத் தந்தது.

நிற்க. ஊர் திரும்பிய பின் இவ்வண்டிகளின் பூர்வீகத்தைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தேன். 1920களிலேயே லண்டன் பொலிசார் குறொஸ்லி வண்டிகளின் கூரைமேல் கட்டிற் சட்டம் போன்ற பெரிய அலைவாங்கியைப் பூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெற்றொயிற் நகரப் பொலிசார் 1928இல் தம் ரோந்து வண்டிகளுக்கு றேடியோச் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். ஆனால் அது ஒருவழிப் பேச்சு. வண்டியிலிருப்போர் கேட்கலாம், மறுமொழி சொல்ல இயலாது. சொல்வதற்கு ஏதாவது இருப்பின் தொலைபேசி இருக்கும் இடத்தைத் தேடி ஓடவேண்டும். 1933இல் நியூ ஜேர்சியிலுள்ள பேயோன் என்னும் ஊரிலேதான் வண்டியிலிருந்தும் பேசும் வழி உண்டாயிற்று. காது முதலிலும் வாய் பின்னரும் வந்தது நல்லதே. நம்மிற் பலருக்கு அது தலைகீழாக வாய்த்திருக்கிறது.

வாயும் காதும் இருந்தாற் போதாது என்பதை உலகம் பின்னர்தான் கண்டுகொண்டது. 1970ஆம் ஆண்டு கலிபோர்னியாவிலே 13 நாட்களாகக் காட்டுத் தீ எரிந்தது. 16 பேர் மாண்டனர். 700க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் அழிந்தன. ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் சாம்பலாயிற்று. பல ஊர்களிலிருந்தும் தீயணைப்புப் படைகள் வந்து குவிந்தன. ஆளுக்கும் வண்டிக்கும் பெருங்குறையில்லை. ஆனால் ஒரு படையின் றேடியோ மற்றொரு படைக்குக் கேட்கவில்லை. கேட்டாலும் விளங்கவில்லை. ‘டாங்கர்’ என்ற ஒரே சொல் சிலருக்குத் தண்ணீர் பவுசரைக் குறித்தது. வேறு சிலருக்கு ஆகாயத்திலிருந்து நீர் சொரியும் விமானத்தைக் குறித்தது. பவுசர் கேட்டவனுக்கு விமானமும், விமானம் கேட்டவனுக்குப் பவுசரும் வந்தால் நெருப்பு அதுவரை பொறுத்திருக்குமா? அந்த அநுபவத்திலிருந்துதான், எத்தனை படைகள் வந்தாலும் ஒரே தலைமை, ஒரே இடம், எல்லோர்க்கும் விளங்கும் வெறும் பேச்சு என்ற முறையை அவர்கள் வகுத்தார்கள்.

வகுத்தும் என்ன? 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க்கிலே பொலிசாரின் தலைமை ஓரிடத்திலும் தீயணைப்புப் படையினரின் தலைமை வேறோரிடத்திலும் நின்றன. பொலிசாரின் ஹெலிகொப்டர்கள் மேலிருந்து கோபுரத்தின் நிலையைக் கண்டன. தென் கோபுரம் காலை 9.59க்கு விழுந்தது; வட கோபுரம் 10.28க்கு விழுந்தது. இடையிலே இருந்தது அரை மணி நேரம்தான். இதுவும் நெடுநேரம் நில்லாது என்று ஆகாயத்திலிருந்து வந்த எச்சரிக்கை பொலிஸ் றேடியோவிலே ஒலித்தது. தீயணைப்பு வீரர்களின் றேடியோ வேறு. அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் 343 பேர். நகரத்தின் அவசர நிலையமோ அதே வளாகத்திலுள்ள ஏழாம் இலக்கக் கட்டிடத்தின் 23ஆம் மாடியிலே, வெகு பொருட்செலவில் அமைக்கப்பட்டிருந்தது. அதைக் காலையிலேயே கைவிட்டு எல்லோரும் இறங்கினர், மாலை 5.20க்கு அக்கட்டிடமும் வீழ்ந்தது. பிறகு நதிக்கரையிலுள்ள கப்பற்றுறை மண்டபமொன்றிலே மேசைகளைப் பரப்பி, புதிதாக ஒரு நிலையத்தை உண்டாக்கினார்கள். 2005இல் நியூ ஓர்லியன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது அந்நகரப் பொலிசார் ஒரு சூதாட்ட மண்டபத்தின் வாசலிலே தம் தலைமையகத்தை வைத்துக்கொண்டார்கள் என்பதையும் வாசித்தேன். தண்ணீர் ஏறாத இடம் அதுவாக இருந்தது, அவ்வளவே.

இவ்வண்டிகளை வாங்குவதற்கு எதிராகப் பேசுவோரும் அந்நாடுகளில் உளர். ஆண்டின் பெரும்பகுதி கொட்டகையிலே நிற்கின்றன. விழாக்களிலே சிறுவர் ஏறிப் பார்ப்பதற்கே பயன்படுகின்றன என்பது அவர்கள் குறை. அதில் உண்மை இல்லாமலில்லை. நானும் விழாவிலேதானே ஏறிப் பார்த்தேன்!

ஆயினும் என்னை அவ்வண்டியினுள்ளே நெடுநேரம் நிறுத்தி வைத்தது திரைகளுமல்ல, கம்பமுமல்ல. பின்னறைச் சுவரிலே ஒரு வெள்ளைப் பலகை தொங்கியது. நம் பாடசாலைக் கரும்பலகையின் தம்பி. அதன் கீழே பேனாக்களும் துடைப்பானும் இருந்தன. “இவ்வளவு மின்சாரப் பெட்டிகளுக்கிடையே இதென்ன?” என்றேன்.

“கரண்ட் போனாலும் இது போகாது, அங்கிள்.”

பலகையின் பக்கத்திலே ஓர் வரைபடம். அதன்மேல் பளிங்குத் தாள். காணாமற்போனவரைத் தேடும்போது எந்தெந்தப் பகுதி தேடி முடிந்தது, எது அரைகுறை, எங்கே ஒருவருமே போகவில்லை என்பதை அதிலே கோடிட்டுக் காட்டுவார்களாம். மருமகனின் மகள் கேட்டாள், தேடப் போனவர்கள் அங்கே ஒருவருமில்லை என்று றேடியோவிலே சொன்னால் உடனே கோடு போட்டுவிடுவீர்களா என்று. தம்பி சிரித்துக்கொண்டு சொன்னார்:

“இல்லை. எதுவரை போனீங்கள் எண்டு கேப்பம். அவை பொய் சொல்லுகினம் எண்டில்லை. களைச்சுப் போனவர், பயந்து போனவர், பாதி வழியிலே நிண்டு பாத்துப்போட்டு வந்திருப்பார். அது பிழையில்லை. எதுவரை எண்டு சொன்னால் போதும். மிச்சத்துக்கு வேற ஆளை அனுப்பலாம்.”

நான் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தம்பி தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வெயில் என்று நினைத்திருப்பார்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி, வியாழக்கிழமை. மட்டக்களப்பாரில் அக்காலத்தை அறிந்த எவருக்கும் அத்திகதியை விளக்க வேண்டியதில்லை. அன்றிரவு அடித்த சூறாவளியிலே தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தென்னந்தோட்டங்கள் தலைமுறைக் கணக்காக வளர்ந்தவை, ஓரிரவிலே சாய்ந்தன. எனக்கு அப்போது பதினொரு வயது. எங்கள் ஊர் எழுவான்கரையிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்கும் ஒடுங்கிய நிலத்திலே, கல்முனை வீதியின் இருமருங்கும் நீண்டு கிடப்பது. உதவி வருவதாயின் வடக்கே மட்டக்களப்பிலிருந்து வரவேண்டும். அன்றேல் தெற்கே கல்முனையிலிருந்து வரவேண்டும். வேறு வழியில்லை.

அப்பா படுவான்கரையிலே வயற்காவலுக்குப் போயிருந்தார். நள்ளிரவிலே எங்கள் வீட்டுக் கூரைத் தகரங்கள் ஒவ்வொன்றாகப் பறந்தன. அவற்றுள் ஒன்று சுழன்று வந்து அண்ணனின் இடக்காலை முழங்காலுக்குக் கீழே வெட்டிற்று. அண்ணனுக்குப் பதினேழு வயது. அம்மா தன் சேலையைக் கிழித்துக் கட்டினாள். எப்படியோ இழுத்துக்கொண்டு போய், ஊரின் வடமுனையிலுள்ள கோயில் மண்டபத்திலே சேர்ந்தோம். அது கல்லாலே கட்டியது.

விடிந்தபோது ஊரை அடையாளம் தெரியவில்லை. எப்போதும் தென்னையோலைகளின் இடுக்கு வழியாகத் துண்டு துண்டாகத் தெரிகிற வானம், அன்று முழுவதாகத் தெரிந்தது. மண்டபத்திலிருந்த பெரியவர்கள், மட்டக்களப்பிலிருந்துதான் ஆட்கள் வருவார்கள் என்று வடக்கு நோக்கியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு மட்டும் பொறுக்கவில்லை. “மனே, நீ ஓடிப்போய்ப் பள்ளிக்கூடத்தடியிலே ஆராச்சும் வந்திருக்காங்களா எண்டு பாத்திட்டு வா” என்றாள். பாடசாலை தென்முனையிலே, ஒன்றரை மைல் தூரத்தில் இருந்தது.

நான் புறப்பட்டேன். பத்தடிக்கு ஒரு மரம் வீதிக்குக் குறுக்கே கிடந்தது. ஏறி, குதித்து, குனிந்து, தவழ்ந்து போனேன். பாதி வழியிலே பெரிய புளியமரம் வேரோடு சாய்ந்து வீதியை அடைத்திருந்தது. அதன் கிளைகளுக்கிடையே ஒரு மனிதர் கிடந்தார். முகம் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று அறியேன். பிறகு திரும்பி ஓடி வந்தேன்.

“ஒருத்தருமில்ல, அம்மா” என்றேன்.

கல்முனைப் பக்கமிருந்து ஓர் அப்போதிக்கரியும் சில இளைஞர்களும், உழவு யந்திரத்திலே பாதி, கால்நடையாகப் பாதி, அன்று மதியத்துக்கு முன்பே பாடசாலைக்கு வந்திருக்கிறார்கள். அங்கே கிடந்த காயக்காரர்களுக்கு மருந்து கட்டி, மூவரைத் தூக்கிக்கொண்டு, வேறெவரும் இருக்கிறார்களா என்று கேட்டும் இருக்கிறார்கள். பாடசாலையிலிருந்தோர் இல்லை என்றார்களாம். அவர்களும் புளியமரத்தைத் தாண்டி வந்து பார்க்கவில்லை.

மறுநாட் காலையிலேதான் எங்கள் தலைமையாசிரியர் ஒரு காரியம் செய்தார். இடிந்த வகுப்பறையிலிருந்து கரும்பலகையை இழுத்து வந்து, எஞ்சி நின்ற சுவரிலே சாய்த்தார். சோக்குக் கட்டிகள் மழையிலே கரைந்து போயிருந்தன. சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரையாலே நான்கு பத்திகள் கீறினார்: யார், எங்கே, என்ன தேவை, கண்டவர் யார். மேல்வகுப்பு மாணவி ஒருத்தியை எழுத வைத்து, தாம் மேசையொன்றின்முன் அமர்ந்து, வருவோரை விசாரித்தார். பையன்களை இருவர் இருவராக ஒவ்வொரு குறிச்சிக்கும் அனுப்பினார். ‘கேள்விப்பட்டேன்’ என்று வந்தவனைத் திருப்பி அனுப்பி, ‘கண்டேன்’ என்று வரச் செய்தார். கட்டளை வண்டியொன்று அன்று எங்கள் ஊருக்கு வந்திருக்கவே முடியாது. பத்தடிக்கு ஒரு மரம் கிடந்த வீதியிலே துவிச்சக்கர வண்டியும் போகாது. ஆனால் அவ்வண்டியின் பின்னறையிலே நடக்கவேண்டிய வேலை அத்தனையும் அன்று அந்தச் சுவரடியிலே நடந்தது.

கோயிலுக்கு வந்த இரு பையன்கள் மூலம் அண்ணனின் பெயர் பலகையிலே ஏறிற்று. நால்வர் ஒரு கதவைக் கழற்றி அதிலே அண்ணனைக் கிடத்தி, தோளிலே சுமந்து போனார்கள். பாடசாலையடியிலே, முதல் நாள் அப்போதிக்கரி வந்து போன செய்தியை யாரோ அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நீ வரக்குள்ள அவங்க இன்னும் வந்து சேரல்ல போல” என்று தானே ஒரு சமாதானம் சொன்னாள். நான் தலையசைத்தேன்.

ஆஸ்பத்திரியிலே முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஒருநாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்குத்தர் அம்மாவிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்பா மூன்றாம் நாள், வாவியைக் கடந்து வந்தார். அம்மா தன் கடைசிக் காலம் வரை அச்சமாதானத்தை நம்பியே இருந்தாள். அல்லது நம்புவதாகக் காட்டிக்கொண்டாள்.

2004 டிசெம்பர் 26இல் கடல் பொங்கிய பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தினால் நம் நாட்டிலும் அனர்த்த முகாமைக்கென்று தனியமைப்பு உண்டாயிற்று. 117 என்ற இலக்கத்தை அழைத்தால் அவர்கள் பேசுவார்கள். இந்நாட் பிள்ளைகள் அவ்விலக்கத்தை மனனம் செய்து வைத்திருப்பது நல்லது.

அண்ணன் பொய்க்காலோடு நடக்கப் பழகி, றேடியோ திருத்தும் தொழிலைக் கற்று, ஊரிலேயே கடை வைத்தார். இப்போது கடையை மகன் பார்க்கிறான். ரொறன்ரோவிலிருந்து அன்றிரவே அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்து வண்டியைப் பற்றி விவரித்தேன். அவருக்குத் திரைகளிலே ஆசையில்லை. இருவேறு றேடியோக்களை இணைக்கும் பெட்டியைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டார். அதை யார் செய்தது, எத்தனை இணைப்பு உண்டு, சத்தம் மாறாமல் வருமா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்த மட்டிலும் சொன்னேன். வெள்ளைப் பலகையைப் பற்றியும் சொன்னேன். “நம்மட சேர் உயிரோட இருந்திருந்தா சிரிச்சிருப்பார்” என்றார். வரைபடத்தைப் பற்றியும், அந்தத் தம்பி சொன்ன கேள்வியைப் பற்றியும் நான் சொல்லவில்லை. ஊருக்கு வந்து, அவர் வீட்டுத் திண்ணையிலே எத்தனையோ மாலைகள் அமர்ந்தும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளிலே பத்திரிகை வந்ததும் அண்ணன் முதலில் விரிப்பது இந்தப் பகுதியைத்தான்.

புளியமரம் வரைதான் போனேன், அண்ணன்.